பீட்டில் 1303-ஆ, முதல் தலைமுறை கோல்ஃப் ஜிடிஐ-யா? வாங்க, பேசித் தீர்க்கலாம்

ரைன்கரை ராஜா:

நண்பர்களே, வணக்கம். 30 வயதைத் தாண்டிய கார் ஒன்றை வாங்கி, ஜெர்மனியில் பழங்கார்களுக்குத் தரும் எச் நம்பர் பிளேட் போட்டு ஓட்ட வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. வரி வருடத்துக்கு 191.73 யூரோவோடு முடிந்துவிடும், ஊருக்குள் புகை அளவுக்கான பசுமை ஸ்டிக்கர் கேட்டு யாரும் மறிக்க மாட்டார்கள். வீட்டிலும் ஒருவழியாகச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

விலைக்கு இரண்டு வண்டிகள் வந்திருக்கின்றன. ஒன்று 1973 பீட்டில் 1303, 1.3 லிட்டர், 44 குதிரைத்திறன். இன்னொன்று 1980 கோல்ஃப் ஜிடிஐ (கோல்ஃபின் வேகமான ரகம்), 1.6 லிட்டர், 110 குதிரைத்திறன். இரண்டும் ஃபோக்ஸ்வாகன்தான். ஆர்.சி.யில் இடைவெளி ஏழு வருடம்தான், ஆனால் ஓட்டிப் பார்த்தால் நாற்பது வருடம் தள்ளிப் பிறந்தவை மாதிரி இருக்கிறது. பீட்டிலில் பெடல்கள் தரையிலிருந்து முளைத்து நிற்கின்றன, காலைத் தூக்கி மேலிருந்து மிதிக்க வேண்டும். கோல்ஃபில் உட்கார்ந்த நிமிடமே கை, கால் எல்லாம் அதனதன் இடத்துக்குப் போய்விடுகிறது.

ஜிடிஐக்குக் கேட்கும் விலை பீட்டிலைப் போல இரண்டு மடங்கு. விலைப் பேச்சைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். இரண்டில் எது உண்மையிலேயே மகத்தான கார்? எதை வாங்கினால் பத்து வருடம் கழித்தும் சந்தோஷமாக ஓட்டிக்கொண்டிருப்பேன்?

ஜிடிஐ பித்தன்:

பாஸ், இதில் கேள்வியே இல்லை. ஜிடிஐ எடை சுமார் 810 கிலோ. உங்கள் 1303 அதைவிட கனம், குதிரைத்திறனோ பாதிகூட இல்லை. ஜிடிஐ 100 கிலோமீட்டர் வேகத்தை 9 விநாடியில் தொடும், 182 வரை போகும். பீட்டில் 100-ஐத் தொட 20 விநாடிக்கு மேல் ஆகும், அதுவும் பின்காற்று அடித்தால் நல்லது.

இந்தக் கார் பிறந்த கதையே ஒரு தனி ருசி. கம்பெனி கேட்டுச் செய்ததல்ல. ஆல்ஃபோன்ஸ் லூவன்பெர்க் என்ற பொறியாளர், கோல்ஃபில் ஒரு விளையாட்டு ரகம் செய்யலாமே என்று சக ஊழியர்களிடம் பேச்சைத் தொடங்கிவைத்தார். பத்திரிகைத் தொடர்பு அதிகாரி ஆன்டன் கொன்ராட் உட்பட நாலைந்து பேர், வேலை நேரம் போக மீதி நேரத்தில் மேலிடத்துக்குத் தெரியாமல் பண்ணிப் பார்த்தார்கள். 1975 செப்டம்பரில் ஃபிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் வைத்தபோது 5,000 வண்டி விற்றால் போதும் என்று கணக்கு. முதல் தலைமுறை முடியும்போது 4,60,000-க்கும் மேல் விற்றிருந்தது.

உள்ளே அந்தக் கட்டம் போட்ட சீட்டுத் துணியும், கியர் தண்டின் தலையில் கோல்ஃப் பந்தும் குன்ஹில்ட் லில்யேக்விஸ்ட் என்ற பெண்மணியின் கைவண்ணம். பீங்கானில் ஓவியம் தீட்டிப் பழகியவர். பந்து யோசனையை அவர் பேச்சுவாக்கில் சொல்ல, அப்படியே எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பந்தைப் பிடித்து மூன்றிலிருந்து நாலுக்குத் தள்ளிப் பாருங்கள், அப்புறம் பீட்டிலைத் திரும்பியே பார்க்க மாட்டீர்கள்.

காற்றுக்குளிர்:

தம்பி பித்தன், எண்களை வைத்து அடிப்பது சுலபம். 1930-களில் வரைந்த காரை 1970-களில் வரைந்த காரோடு ஓடவிட்டு, பின்னது ஜெயித்தது என்று கைதட்டுவதில் என்ன இருக்கிறது?

பீட்டிலிடம் கேட்கப்பட்டது என்ன என்று பாருங்கள். அன்று ஜெர்மனியில் சாதாரணக் குடும்பத்துக்குக் கார் ஷெட் கிடையாது, வண்டி ராத்திரி முழுக்கப் பனியில் தெருவில் நிற்கும். தண்ணீர் ஊற்றிய இன்ஜின் என்றால் உறைந்து வெடிக்கும். அதனால் காற்றாலேயே குளிரவைத்தார்கள். புதிதாகப் போட்ட நெடுஞ்சாலையில் மணிக்கு 100-ல் நாள் முழுக்கப் போக வேண்டும், இன்ஜின் களைக்கக் கூடாது. அதனால் இன்ஜின் காற்றை இழுக்கும் மூச்சுக்குழாயைச் சின்னதாக வைத்து, எவ்வளவு மிதித்தாலும் இன்ஜின் தன்னைத்தானே கெடுத்துக்கொள்ளாதபடி கட்டினார்கள். முதலில் வந்தது வெறும் 25 குதிரைத்திறன்தான். அதன் உச்ச வேகமும் அது சலிக்காமல் போகும் வேகமும் ஒன்றே! இன்றைக்கு எந்தக் காரைப் பற்றி இப்படிச் சொல்ல முடியும்?

அப்புறம், எளிமை. இன்ஜினை வண்டியோடு பிடித்துவைத்திருப்பது நாலே போல்ட். பெட்ரோல் குழாய், ஆக்சிலேட்டர் கேபிள், ஹீட்டர் கேபிள்கள், வயர்கள் ஆகியவற்றைக் கழற்றிவிட்டு, ஜாக்கியைக் கீழே கொடுத்துப் பின்னால் இழுத்தால் இன்ஜின் கையோடு வரும். 1961 வரை பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் முள்ளே கிடையாது. இன்ஜின் இருமத் தொடங்கினால் காலால் ஒரு திருகைத் தட்டி ரிசர்வுக்கு மாற்ற வேண்டும். பிற்பாடு வந்த வண்டிகளில் கண்ணாடியில் தண்ணீர் பீய்ச்சுவதற்கு மோட்டார் வைக்கவில்லை, ஸ்டெப்னியில் இருக்கும் காற்றையே ஒரு குழாய் வழியாக எடுத்துக்கொண்டார்கள். இப்படி யோசிப்பவன்தான் பொறியாளன்.

ராஜா தம்பி, உங்களுக்கு வந்திருப்பது 1303. பீட்டில் குடும்பத்தில் சாலையில் ஒழுங்காக நிற்பது இதுதான். முன்னால் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் பழைய ஊஞ்சல் ஆக்ஸிலுக்குப் பதிலாக இரட்டை மூட்டு ஆக்ஸில். வளைவில் ஆக்சிலேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுழலும் என்று பழைய ஆட்கள் பயமுறுத்துவார்கள். அது இந்த மாடலுக்குப் பொருந்தாது.

பழங்கணக்கு:

இருவருமே ஒரு விஷயத்தை விட்டுவிட்டீர்கள். சாதாரண பீட்டிலின் வீல்பேஸ் 2,400 மில்லிமீட்டர். முதல் கோல்ஃபின் வீல்பேஸும் 2,400 மில்லிமீட்டர். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவே அச்சு அசலாக அதே இடைவெளி! பீட்டில் நீளம் நாலு மீட்டரைத் தாண்டும், கோல்ஃப் 3.7 மீட்டர்தான். ஆனாலும் கோல்ஃபில் பின்சீட்டில் இருவர் முட்டி இடிக்காமல் உட்கார்ந்து, டிக்கியில் நாலு பெட்டி வைக்கலாம். பீட்டிலில் முன்னால் பெட்ரோல் டேங்க் போக மிச்சமிருக்கும் பள்ளத்தில் ஒன்று, பின்சீட்டுக்குப் பின்னால் ஒன்று, அவ்வளவுதான். இரண்டு காரையும் ஒப்பிட வேண்டுமானால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். அந்த 2.4 மீட்டரை யார் எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதுதான் வித்தியாசம்.

கோல்ஃப் பீட்டிலின் பிள்ளை என்று கம்பெனி சொல்லிக்கொள்ளும். உண்மையில், பீட்டிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மூழ்கவிருந்த கம்பெனி கடைசி நேரத்தில் எட்டிப் பிடித்த கட்டைதான் கோல்ஃப். 1948 முதல் 1968-ல் இறக்கும்வரை ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் கம்பெனியை நடத்தினார். பீட்டிலை மாற்றாமல் வருடா வருடம் மெருகேற்றுவதுதான் அவர் கொள்கை. அது தப்பு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஏனென்றால் இருபது வருடம் அது பலித்தது. ஆனால் அவர் காலத்தில் வந்த பெரிய வண்டிகளும் பின்னால் இன்ஜின், காற்றுக் குளிர்ச்சி என்றே வந்தன. பீட்டிலுக்கு மாற்றாக போர்ஷே கம்பெனியிடம் கொடுத்துச் செய்யச் சொன்ன வண்டியிலோ இன்ஜின் பின்சீட்டுக்கு அடியில்! ஒரு ஸ்பார்க் பிளக் மாற்ற சீட்டைத் தூக்க வேண்டுமென்றால் எந்த வீட்டுக்காரர் பொறுப்பார்? 1971-ல் பொறுப்புக்கு வந்த ரூடால்ஃப் லைடிங் அதை மூட்டைகட்டினார். கொட்டிய பணம் கொட்டியதுதான்.

அதற்குள் ஜெர்மன் நாணயமான மார்க்கின் மதிப்பு ஏறி, டாலர் இறங்கி, அமெரிக்காவில் பீட்டில் மலிவு வண்டி என்ற பெயரை இழந்துகொண்டிருந்தது. 1974-ல் கம்பெனிக்கு 80 கோடி மார்க்குக்கு மேல் நஷ்டம். அதே வருடம் மார்ச் மாதக் கடைசியில் கோல்ஃப் உற்பத்தி தொடங்கியது, ஜூலை 1-ம் தேதி தலைமைத் தொழிற்சாலை இருக்கும் வோல்ஃப்ஸ்பூர்க்கில் பீட்டில் வரிசையை நிறுத்தினார்கள். 1976 அக்டோபரில் பத்து லட்சமாவது கோல்ஃப் வந்துவிட்டது. கோல்ஃப் கவிழ்ந்திருந்தால் இன்று ஃபோக்ஸ்வாகன் என்று ஒரு கம்பெனியைப் பற்றி நாம் இறந்தகாலத்தில் பேசிக்கொண்டிருப்போம்.

ஜிடிஐ பித்தன்:

பழங்கணக்கு அண்ணே, இதைத்தான் நானும் சொல்கிறேன். ஜார்ஜெட்டோ ஜுஜாரோ வரைந்த அந்தச் சாய்ந்த சி-தூணை, அதாவது பின்கதவையொட்டிக் கூரையைத் தாங்கும் தூணைப் பாருங்கள். ஐம்பது வருடமாக ஒவ்வொரு கோல்ஃபும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. உலகத்துக்கே ஹேட்ச்பேக் கொடுத்த வண்டி!

பழங்கணக்கு:

அது மட்டும் வேண்டாம். பின்கதவு திறக்கும் சின்னக் கார் ரெனோ 4, 1961-லேயே வந்தது. முன்னால் குறுக்குவாட்டில் இன்ஜின், அதன் ஒரு முனையில் கியர்பாக்ஸ் என்ற அமைப்பு இத்தாலியில் டான்டே ஜியாகோசாவுடையது. ஃபியட் 128-ல் 1969-லேயே ஓடிக்கொண்டிருந்தது. கோல்ஃபின் பெருமை எல்லாவற்றையும் சேர்த்து ஒழுங்காகக் கட்டியதில்தான். பின்னாலிருக்கும் அந்த முறுக்கு ஆக்ஸிலுக்கு வேண்டுமானால் புதுமைப் பட்டம் கொடுக்கலாம். சக்கரங்களைப் பிடிக்கும் இரண்டு கைகளை ஒரு குறுக்குத் தகடு இணைக்கும், தகடு முறுக்கிக்கொடுக்கும். மலிவு, இடமும் அடைக்காது. இன்றைக்குச் சின்னக் கார்களில் பெரும்பாலானவை அதைத்தான் மாட்டிக்கொண்டு ஓடுகின்றன.

காற்றுக்குளிர் ஐயா கோபித்துக்கொள்ள வேண்டாம், பீட்டிலும் அப்படித்தான். செக்கோஸ்லோவாக்கியாவில் டாட்ரா கம்பெனியின் ஹன்ஸ் லெட்வின்கா பின்இன்ஜின், காற்றுக் குளிர்ச்சி, வழுவழுப்பான உடம்பு எல்லாவற்றையும் 30-களிலேயே செய்துகொண்டிருந்தார். தங்கள் காப்புரிமையை எடுத்துக்கொண்டார்கள் என்று டாட்ரா தரப்பு கிளப்பிய தகராறு போருக்குப் பிறகு 60-களில் ஃபோக்ஸ்வாகன் பணம் கொடுத்துத்தான் தீர்ந்தது.

காற்றுக்குளிர்:

கோபம் எதற்கு, உள்ளதைத்தானே சொல்கிறீர்கள். பீட்டிலின் தொடக்கம் சுத்தமானதும் அல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். நாஜி ஆட்சியில் வாரம் 5 மார்க் ஸ்டாம்ப் ஒட்டி 990 மார்க் சேர்த்தால் கார் என்றார்கள். மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் சேமித்தார்கள், ஒருவருக்கும் கார் கிடைக்கவில்லை. தொழிற்சாலை போர்த் தளவாடத்துக்குப் போனது, பிடித்துவரப்பட்ட கூலிகள் அங்கே வதைபட்டார்கள். சேமித்தவர்களின் வழக்கு 1961 வரை இழுத்தது. கடைசியில் புது வண்டி எடுத்தால் 600 மார்க் வரை தள்ளுபடி என்று முடித்தார்கள். போருக்குப் பின் அந்த இடத்தை இடிக்காமல் காப்பாற்றி வண்டி செய்யவைத்தவர் ஐவன் ஹர்ஸ்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவ மேஜர்.

நாலாம் கியர்:

எனக்குக் கார் எல்லாம் தெரியாது. ஆனால் சின்ன வயதில் பக்கத்துத் தெருவில் ஒரு பீட்டில் ஸ்டார்ட் ஆனால் கிரைண்டர் போட்ட மாதிரி சத்தம் கேட்கும், அதை வைத்தே மணி சொல்வோம். கோல்ஃபுக்கு யாராவது அப்படி மணி சொல்லியிருக்கிறார்களா? பீட்டிலுக்கு என் ஓட்டு.

கொழும்பு வண்டிக்காரன்:

ராஜா அண்ணை, இங்கே இலங்கையில் பீட்டில் வைத்திருப்போருக்குச் சங்கமே இருக்கிறது. அறுபதுகளில் வந்த வண்டிகள் இன்னும் கல்யாண ஊர்வலம் போகின்றன. உதிரிப்பாகம் என்று அலைய வேண்டியதில்லை. மெக்ஸிகோவில் 2003 ஜூலை வரை செய்தார்கள், பிரேஸிலிலும் நெடுங்காலம் செய்தார்கள். அதனால் பிஸ்டன் முதல் கதவு ரப்பர் வரை புதிதாகவே கிடைக்கிறது.

வலப்பக்க ஸ்டீயரிங் பழைய ஜிடிஐ யாராவது பார்த்துக்கொண்டிருந்தால் ஒரு எச்சரிக்கை: பெடல் வலப்பக்கம் வந்தாலும் பிரேக் மிதிக்கு வலுக்கூட்டும் சர்வோவை இடப்பக்கமே விட்டுவிட்டார்கள். நடுவே ஒரு நீளமான கம்பிதான் மிதியைக் கொண்டுபோகிறது. மிதித்தால் பஞ்சு மாதிரி அமுங்கும், பிடிப்பு ஒரு நொடி தாமதம். ஜெர்மனியில் இருக்கும் உங்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ரைன்கரை ராஜா:

எல்லோருக்கும் நன்றி. சரி, இப்போது நடைமுறைக்கு வருகிறேன். மாதம் இரண்டு மூன்று முறை நெடுஞ்சாலையில் போவேன், குளிர்காலத்திலும் நல்ல வெயில் நாளாக இருந்தால் எடுப்பேன். பின்சீட்டில் இரண்டு பிள்ளைகள். வேலையை நானே செய்யப் பழக வேண்டும் என்றும் ஆசை. இதற்கு எது?

ஜிடிஐ பித்தன்:

பிள்ளைகள், நெடுஞ்சாலை, குளிர். மூன்றுக்கும் கோல்ஃப். பீட்டிலில் லாரியைத் தாண்டும் நேரத்தில் பக்கக்காற்று அடித்தால் வண்டி அரை தடம் நகரும். ஐயாவே மறுக்க மாட்டார்.

காற்றுக்குளிர்:

மறுக்கவில்லை. இரண்டு கையாலும் பிடித்து ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் "நானே வேலை செய்ய ஆசை" என்றாரே, அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறீர்களே?

5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை வால்வ் இடைவெளி பார்க்க வேண்டும். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், ராத்திரி நிறுத்திய வண்டியைக் காலையில் பார்ப்பது உத்தமம். வண்டிக்கு அடியில் படுத்து, வால்வ் மூடியின் கம்பியைத் தட்டிவிட்டால் மூடி கையில் வரும். 0.15 மில்லிமீட்டர் ஃபீலர் கேஜை (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) உள்ளே விட்டு, லேசாகப் பிடித்து இழுக்கும் அளவுக்கு ஸ்க்ரூவைத் திருக வேண்டும். மூன்றாம் சிலிண்டரை மட்டும் கவனமாகப் பாருங்கள். பழைய இன்ஜின்களில் ஆயில் கூலர் அதன் காற்றை மறித்துக்கொண்டு நின்றது. எக்ஸாஸ்ட் வால்வ் எரிந்தால் முதலில் எரிவது அங்கேதான். உங்கள் 1973 வண்டியில் கூலரை விலக்கித் தனிக் கூட்டில் வைத்திருப்பார்கள், இருந்தாலும் பழக்கத்தை விடாதீர்கள். ஆயில் இரண்டரை லிட்டர், ஃபில்டர் கிடையாது, வெறும் சல்லடை. கழற்று, கழுவு, மாட்டு.

ஓட்டும்போது மீட்டரில் சிவப்பு லைட் எரிந்தால் உடனே ஓரங்கட்டுங்கள். டைனமோவைச் சுற்றும் பெல்ட்தான் குளிர்விக்கும் ஃபேனையும் சுற்றுகிறது. பெல்ட் அறுந்தால் குளிர்ச்சியே கிடையாது. "வீடு பக்கம்தான்" என்று ஓட்டினால் வீட்டுக்கு இன்ஜின் வராது.

துருவேட்டை:

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டிருந்தேன். கராஜில் இரண்டு வண்டிக்கும் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இன்ஜினைப் பற்றி இவ்வளவு பேச்சே தேவையில்லை. இரண்டிலும் இன்ஜின் பிழைத்துக்கொள்ளும். பணத்தைத் தின்பது தகடு.

பீட்டிலில் முதலில் பின்சீட்டைத் தூக்குங்கள். பேட்டரி அங்கேதான், வலப்பக்கம். ஆசிட் சொட்டி அடித்தளம் அரித்திருந்தால் காகிதம் மாதிரி விரல் உள்ளே போகும். அது மாற்றக்கூடியதுதான், பயப்பட வேண்டாம். அடுத்து, கதவுக்குக் கீழே ஓடும் ஹீட்டர் குழல். உடம்பின் வலுவும் அதுதான், சூடான காற்றின் பாதையும் அதுதான். அது அரித்துவிட்டால் ட்யூஃப் என்ற ஜெர்மன் வாகனத் தகுதிப் பரிசோதனையும் போச்சு, குளிரில் கண்ணாடிப் பனியும் இறங்காது. 1303-ல் கூடுதலாக முன்பக்க ஸ்ட்ரட் தலைகள் மாட்டும் இடத்தைப் பாருங்கள். அங்கே வெல்டிங் பண்ணிப் பெயிண்ட் அடித்து மறைத்த வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 60, 70 வேகத்தில் ஸ்டீயரிங் நடுங்கினால் முன்பக்க ரப்பர் புஷ்கள் போயிருக்கும். அது சின்னச் செலவு.

கோல்ஃப் வேறு கதை. அந்தக் காலத் தகடு பெயர் கெட்டது. பின்பக்கச் சக்கர வளைவுக்குள் கையை விட்டு, பெட்ரோல் ஊற்றும் குழாயைத் தடவிப் பாருங்கள். வெளிப்பக்கம் செதில் செதிலாக வந்தால் உள்ளேயும் அப்படித்தான். அந்தத் துரு டேங்கில் விழும், அங்கிருந்து இன்ஜெக்‌ஷன் சிஸ்டத்தில் பெட்ரோலைப் பிரித்தனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும். கே-ஜெட்ரானிக் என்ற அந்த இன்ஜெக்‌ஷன் சிஸ்டம் கம்ப்யூட்டர் இல்லாத, நல்ல இயந்திர அமைப்பு. ஆனால் அழுக்கு பெட்ரோலை மன்னிக்காது. குழாயில் தொடங்கும் துரு கடைசியில் டிஸ்ட்ரிபியூட்டர் விலையில் வந்து நிற்கும்.

பித்தனுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன், கோல்ஃப் ஓட்டும் சுகத்தில் எனக்கும் சந்தேகம் இல்லை. வளைவில் விரட்டினால் உள்பக்கப் பின்சக்கரம் தரையைவிட்டு எழும், மூன்று காலில் நின்றபடி வண்டி சொன்ன வழியில் போகும். பீட்டிலில் அந்த வேகத்தில் வளைவுக்கே வந்திருக்க மாட்டோம்.

ஜிடிஐ பித்தன்:

துருவேட்டை வாயால் இது வந்ததே போதும். எண்ணிக்கையிலும் 2002-லேயே கோல்ஃப் பீட்டிலைத் தாண்டிவிட்டது என்பதையும் பதிவு செய்துகொள்கிறேன்.

காற்றுக்குளிர்:

நாலு தலைமுறையைச் சேர்த்து எண்ணினால் தாண்டும். தலைமுறைக்குத் தலைமுறை தகடு, இன்ஜின், சஸ்பென்ஷன் எல்லாம் மாறியது, பெயர் மட்டும் மாறவில்லை. பீட்டில் 2,15,29,464 வண்டிகளும் ஒரே வரைபடத்தின் பேரப்பிள்ளைகள். 1972 பிப்ரவரியில் ஃபோர்டின் மாடல் டி-யைத் தாண்டியதும் அப்படித்தான். கூட்டணி வைத்து ஜெயித்ததைத் தனிப்பெரும்பான்மை என்று சொல்லாதீர்கள்.

பழங்கணக்கு:

இதில் ஐயா பக்கம்தான் நான். ஆனால் முதல் கோல்ஃபையும் லேசாக எடைபோட வேண்டாம். தென்னாப்பிரிக்காவில் அதே உடம்பை சிட்டி கோல்ஃப் என்ற பெயரில் 2009 வரை செய்தார்கள். 1974-ல் வந்ததை 35 வருடம் விற்பதென்றால், பீட்டிலின் பிடிவாதம் கொஞ்சம் இதற்கும் ஒட்டிக்கொண்டது என்றுதான் நினைக்கிறேன்.

ராஜா, உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: மகத்தான கார் பீட்டில், நல்ல கார் கோல்ஃப். உங்களுக்கு நாலு பேர் குடும்பம், நெடுஞ்சாலை என்றால் மனசு பீட்டிலிடம் இருந்தாலும் கோல்ஃப் எடுங்கள். ஆனால் ஜிடிஐதான் வேண்டும் என்று யார் சொன்னது? சாதாரண 1.5 லிட்டர், 70 குதிரைத்திறன் வண்டி போதுமே. கார்புரேட்டர், அதனால் நீங்களே கை வைக்கலாம். விலையும் பீட்டில் பக்கம் வந்துவிடும். அந்தச் சாதாரண கோல்ஃப்தான் கம்பெனியைக் காப்பாற்றியதும்.

ரைன்கரை ராஜா:

இந்தக் கோணம் தோன்றவே இல்லை, அண்ணே. ஆனால் சாதாரண கோல்ஃப் கண்ணில் படவே மாட்டேன் என்கிறதே? ஜிடிஐதான் எங்கும் விளம்பரத்தில் இருக்கிறது.

துருவேட்டை:

படாது. சாதாரண கோல்ஃபை யாரும் சேர்த்து வைக்கவில்லை. ஓட்டினார்கள், துருப்பிடித்தது, நொறுக்கப் போட்டார்கள். மிச்சம் இருந்ததில் பாதியில் சிவப்புக் கோடு போட்ட கிரில்லும் கட்டம் போட்ட சீட்டும் மாட்டி ஜிடிஐ என்று விற்றுவிட்டார்கள். அதனால்தான் சொல்கிறேன், நீங்கள் பார்த்த அந்த 1980 வண்டியின் சேஸிஸ் நம்பரைக் கொடுத்து, தொழிற்சாலையிலிருந்து எப்படி வெளிவந்தது என்று சான்று கேட்டு வாங்குங்கள். அது வரும்வரை முன்பணம் கொடுக்காதீர்கள். பீட்டிலைப் பார்க்கப் போனால் பழைய துணி, டார்ச், ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். ஹீட்டர் குழலில் காந்தம் ஒட்டாத இடத்தில் தகடு இல்லை, ஓட்டையை அடைத்துப் பூசிய பட்டிதான். விலையை அங்கிருந்து பேசத் தொடங்குங்கள்.